நிறைகுடமாய் நின்ற சந்திரசேகர்

காஞ்சிமாநகரத்தின் வைகறைப் பொழுது காணத் தக்கது. கோயில் மணியின் ஓசையும் கைத்தறியின் ஓசையும் ஒருங்கே எழும் ஊர் அது. குளத்திலும் கிணற்றிலும் நீர் முகந்து, குடத்தை இடுப்பிலேந்தி மகளிர் வீதி வழியே வரும் காட்சியை நம் முன்னோர் நாள்தோறும் கண்டனர். குடம் நிறைந்திருந்தால் நீர் அமைதியாக இருக்கும். பாதியளவே இருந்தால், நடையின் ஒவ்வோர் அசைவிற்கும் நீர் இப்புறமும் அப்புறமும் மோதும். தெருமுனையில் திரும்பும்போது வெளியே சிந்தும். நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழி இவ்வாறு பிறந்ததே. கல்வி நிரம்பியவர் ஆரவாரம் செய்யார் என்பதற்கு அதனை எடுத்துக்காட்டுவது நம் வழக்கம்.

பழமொழியில் ஒரு விஞ்ஞான உண்மையும் அடங்கியுள்ளது. வாய்வரை நிரப்பி மூடிய கலத்தில் நீரின் மேற்பரப்புக்கு எழுந்து விழ இடமில்லை. குறைகுடத்திலோ அதற்கு இடம் உண்டு. ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளினால் ஆட்டம் பெருகுவது போல, நம் நடையும் நீரின் ஆட்டமும் ஒரே தாளத்தில் அமைந்துவிட்டால் தளும்பல் மேன்மேலும் பெருகும். எண்ணெய் ஏற்றிச் செல்லும் லாரித் தொட்டிகளின் உள்ளே தடுப்புத் தகடுகள் வைப்பதும், ராக்கெட்டின் எரிபொருட் கலங்களில் அத்தகைய தடுப்புகளை அமைப்பதும் இது கருதியே.

காஞ்சியில் காணத் தக்க மற்றொரு காட்சியும் உண்டு. பட்டுநூலுக்குச் சாயமேற்றும் பட்டறைகளில் செப்புக் கொப்பரையை அடுப்பின்மேல் ஏற்றி நீரைக் காய்ச்சுவர். அடியில் சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். மேலுள்ள குளிர்ந்த நீர் கீழிறங்கும். இவ்வாறு கொப்பரைக்குள் ஓயாத சுற்றோட்டம் ஒன்று நிகழும். நூற்சிட்டங்களைத் தோய்த்துப் புரட்டும் சாயக்காரர் இவ்வோட்டத்தை நன்கு அறிவர்.

இனி ஒரு கேள்வி. அக்கொப்பரையை அடியில் சூடேற்றிக்கொண்டே பம்பரம்போல் சுழலவும் செய்தால் உள்ளே இருக்கும் திரவம் யாது செய்யும்? அமைதியாய் இருக்குமா, சுற்றோட்டம் கொள்ளுமா, தளும்பி ஊசலாடுமா? எளிதெனத் தோன்றும் இக்கேள்விக்குக் கணக்கிட்டு விடை கண்டவர் ஒரு தமிழர். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருடைய வாழ்க்கையும் நிறைகுடத்தை ஒத்ததே. அதனை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வேயின் கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தவர், இசையில் தேர்ந்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் நார்வே நாட்டு ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். பத்து மக்களுள் சந்திரசேகர் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். சர் சி. வி. இராமன் அவருக்குச் சிற்றப்பா ஆவார்.

தொடக்கக் கல்வியைப் பெற்றோரிடமே வீட்டில் கற்றார். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1922 முதல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். கணிதமேதை இராமானுசனின் புகழ் அந்நாளில் மாணவர் உள்ளங்களில் ஒளி வீசியது. தாமும் அறிவுத்துறையில் அரிய செயல் புரிதல் வேண்டும் என்னும் வேட்கை சந்திரசேகரின் நெஞ்சில் அப்பொழுதே வேரூன்றியது.

1928ஆம் ஆண்டு செர்மானிய அறிஞர் சம்மர்பெல்டு சென்னைக்கு வந்தார். பதினேழு வயது மாணவரான சந்திரசேகர் துணிந்து அவர் தங்கியிருந்த இடத்திற்கே சென்று கண்டார். அவருடைய அணு நூலைத் தாம் முழுதும் கற்றிருப்பதை எடுத்துரைத்தார். அந்நூல் வெளிவந்தபின் பௌதிகம் பெரிதும் மாறிவிட்டது என்று சம்மர்பெல்டு அறிவித்தபோது மாணவர் திகைத்தார். ஆயினும் மனம் தளர்ந்திலர். புதிய கொள்கையைத் தாமே கற்றுச் சில மாதங்களில் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை எழுதினார். அது 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இடம்பெற்றது.

மகன் அரசாங்க உயர் பதவி பெறவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். தாயாரோ மகனின் ஆர்வத்திற்கே துணை நின்றார். சந்திரசேகருக்கு இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்ய அரசாங்க உதவித்தொகை கிடைத்தபோது அன்னையார் கடும் நோயுற்றிருந்தார். பிரிந்தால் மீண்டும் காண்பது அரிது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். எனினும் மகனைப் போகுமாறு ஊக்கி விடைகொடுத்தவர் அத்தாயே. 1931ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மறைந்தார். மகன் அப்பொழுது கடல்கடந்த நாட்டில் இருந்தார்.

கப்பலில் பிறந்த கணக்கு

1930ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. அக்கடற்பயணத்தின்போது அவர் விண்மீன்களின் முடிவைப் பற்றிச் சிந்தித்தார். தன் எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குள்ளன் என்னும் சிறிய, மிக அடர்ந்த மீனாக அடங்கிவிடும் என்பது அந்நாளைய கருத்து. எல்லா விண்மீன்களுக்கும் இதுவே முடிவு என்று அறிஞர் நம்பினர். சந்திரசேகர் சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணக்கிட்டார். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எடையுள்ள விண்மீன் வெண்குள்ளனாக அடங்கி நிற்க இயலாது என்னும் முடிவு தோன்றியது. அவ்வெல்லை கதிரவனின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகும். இன்று அதனைச் சந்திரசேகர் எல்லை என உலகம் வழங்குகிறது.

கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலர் என்பாரிடம் பயின்று 1933இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவையில் நேர்ந்த சோதனை

அக்காலத்தில் விண்மீன் ஆராய்ச்சியில் தலைசிறந்தவராக விளங்கியவர் சர் ஆர்தர் எடிங்டன். அவர் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்குகளின் போக்கை வினவுவார். தம் மாறுபாட்டை அவர் ஒருநாளும் குறிப்பால்கூட உணர்த்தவில்லை.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டனில் ராயல் வானநூற் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. சந்திரசேகர் தம் முடிவை விளக்கி அமர்ந்தார். அடுத்து எழுந்த எடிங்டன் அம்முடிவை எள்ளி நகையாடினார். விண்மீன் அவ்வாறு அளவின்றிச் சுருங்குதல் பொருந்தாது என்றும், அதனைத் தடுக்க இயற்கையிலேயே ஒரு விதி இருத்தல் வேண்டும் என்றும் பேசினார். அவையினர் நகைத்தனர். இருபத்து நான்கு வயது இளைஞர் மறுமொழி கூறவும் வாய்ப்பின்றி வெளியேறினார்.

சந்திரசேகரின் கணக்கில் பிழையில்லை என்பதைப் பௌதிகப் பேரறிஞர் சிலர் அறிந்திருந்தனர். தனிமையில் அதனை ஒப்புக்கொள்ளவும் செய்தனர். ஆயினும் எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாகப் பேச ஒருவரும் முன்வரவில்லை.

இத்தகைய நிலையில் உள்ளம் தளும்பாதிருத்தல் எளிதோ? சந்திரசேகர் வருந்தினார் என்பது உண்மை. ஆயினும் சினந்து பூசலிட்டிலர். எடிங்டனுடன் கொண்ட நட்பையும் முறித்திலர். தம் முடிவுகளையெல்லாம் தொகுத்து 1939இல் ஒரு நூலாக வெளியிட்டார். உண்மை தானே வெளிப்படும் என்று விட்டுவிட்டு வேறு துறைக்குச் சென்றார்.

1936இல் தம்முடன் மாநிலக் கல்லூரியில் பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். 1937இல் இருவரும் அமெரிக்கா சென்றனர். சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்ஸ் வானாய்வு நிலையத்தில் பணியேற்ற சந்திரசேகர், தம் வாழ்நாள் இறுதிவரை அப்பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சி முறை தனித்தன்மை வாய்ந்தது. ஒரு துறையை எடுத்துக்கொள்வார். பல ஆண்டுகள் அதிலேயே ஆழ்ந்திருப்பார். முற்றக் கற்றபின் அதனைப் பற்றி ஒரு பெருநூல் எழுதுவார். பின்பு அடுத்த துறையில் மாணவரைப்போல் முதலிலிருந்து தொடங்குவார்.

சுழலும் கலமும் ஊசலாடும் திரவமும்

1950க்குப் பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவர் ஆழ்ந்திருந்தது திரவங்களின் நிலைப்பாடு பற்றிய ஆராய்ச்சியில் ஆகும். முன்பு நாம் எழுப்பிய கேள்வி இத்துறையைச் சார்ந்ததே.

ஓர் அகன்ற தட்டில் நீரை ஊற்றிச் சுழற்றினால் நீர் ஓரத்தில் உயர்ந்து நடுவில் குழியும். சீராகச் சுழலும்வரை அக்குழிந்த பரப்பு கண்ணாடிபோல் மாறாது நிற்கும். உத்தரகண்ட் மாநிலத்துத் தேவஸ்தலத்தில் 2022இல் முதன்முதல் வானைக் கண்ட 4 மீட்டர் தொலைநோக்கி ஒன்று, சுழலும் தொட்டியில் பரப்பிய பாதரசத்தையே ஆடியாகக் கொண்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

சுழலும் தட்டை அடியில் சூடேற்றினால் என்ன ஆகும்? சூடான திரவம் மேலெழ முயலும். ஆனால் சுழலும் இடத்தில் நகரும் எப்பொருளையும் ஒரு விசை பக்கவாட்டில் திருப்பிவிடும். அதனைப் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் பெயரால் கோரியாலி விசை என்பர். மேலெழும் திரவத்தின் ஓட்டத்தை அவ்விசை வளைத்துத் தடுக்கும். ஆகவே நிற்கும் தட்டில் சுற்றோட்டம் தொடங்கப் போதுமான வெப்பம் சுழலும் தட்டில் போதாது. இன்னும் மிகுதியாகச் சூடேற்ற வேண்டும். சுழற்சி எவ்வளவு விரைவோ அவ்வளவு சூடு வேண்டும்.

இதுவரை நீருக்கு உரியது. பாதரசத்தின் இயல்போ வேறு. அது உலோகம் ஆதலின் வெப்பம் அதனுள் மிக விரைந்து பரவும். அதனை விரைவாகச் சுழற்றிச் சூடேற்றினால் சீரான சுற்றோட்டம் முதலில் தோன்றாது. ஊசலாட்டமே முதலில் தோன்றும் என்று சந்திரசேகர் 1953இல் கணக்கிட்டுக் கூறினார். மேலெழுந்த பாதரசத்தைச் சுழற்சி பின்னுக்கு இழுக்கும். இழுக்கப்பட்ட பாதரசம் தன் பழைய இடத்தில் நில்லாது அதனைக் கடந்து மறுபுறம் செல்லும். அடியிலுள்ள வெப்பம் அதற்கு மீண்டும் உந்துதல் தரும். இவ்வாறு ஒவ்வோர் ஊசலும் முந்தியதைவிடப் பெரிதாகும். மீட்கும் விசை குறைவதனால் அன்று, அது மிகுவதனால் நிலை குலையும் இவ்வியல்பை மிகைநிலைப்பு எனலாம்.

சந்திரசேகரின் கணக்கு சரிதானா? சிகாகோப் பல்கலைக்கழகத்தில் டேவ் ஃபுல்ட்ஸ், நகாகவா என்னும் இருவர் அதனைச் சோதித்தனர். சுழலும் கலத்தில் பாதரசத்தை ஊற்றி அடியில் சூடேற்றி அதன் வெப்பநிலையைப் பதிவு செய்தனர். வெப்பநிலை ஒழுங்காக ஏறியும் இறங்கியும் ஊசலாடியது. கணக்கு கூறியதும் கருவி காட்டியதும் ஒத்திருந்தன. இச்சோதனையின் முடிவு 1955இல் வெளியாயிற்று. பழைய சைக்ளோட்ரான் கருவியின் பெருங்காந்தத்தைக் கொண்டு, காந்தவிசை பாதரசத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் என்ற அவருடைய மற்றொரு கணக்கையும் நகாகவா மெய்ப்பித்தார்.

ஒரு தட்டுப் பாதரசத்தை ஆராய்வதால் பயன் யாது என்று சிலர் கேட்கலாம். பூமியின் உட்பகுதியில் உருகிய இரும்பு சுழன்றுகொண்டே சூடேறி ஓடுகிறது. பூமியின் காந்தத்திற்கு அதுவே காரணம். கதிரவனும் விண்மீன்களும் சுழலும் பாய்பொருள்களே. கையளவு கலத்தில் கண்ட விதி அவற்றையும் அறியத் துணை செய்கிறது. இவ்வாராய்ச்சி முழுவதையும் திரட்டி 1961இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாகச் சந்திரசேகர் வெளியிட்டார்.

அந்நூலில் நாம் கருதத் தக்க செய்தி ஒன்று உண்டு. மிகைநிலைப்பு என்னும் கருத்திற்கு ஆங்கிலத்தில் பெயரிட்டு விளக்கம் தந்தவர் வேறு எவரும் அல்லர். அன்று அவையில் சந்திரசேகரை நகையாடிய எடிங்டனே. எடிங்டன் 1944இல் மறைந்துவிட்டார். அவர் பெயரைச் சொல்லாது விட்டிருந்தால் கேட்பார் எவரும் இலர். ஆயினும் நூலின் தொடக்கத்திலேயே அவர் பெயரைச் சுட்டி, அவர் தந்த விளக்கத்தையே மேற்கொண்டார் சந்திரசேகர். தம்மைப் புண்படுத்தியவரிடத்தும் உள்ள அறிவை மறைக்காத பெருமை இது.

கலமில்லாத் திரவம்

கலத்துள் சுழலும் திரவத்தை ஆராய்ந்தபின், கலமே இன்றி வெளியில் சுழலும் திரவத்தை அவர் ஆராயத் தொடங்கினார். சுழலும் பூமி துருவங்களில் தட்டையாயிருக்கும் என்று நியூட்டன் காட்டியது முதல், மக்லாரின், யாக்கோபி, ரீமான் முதலிய கணித அறிஞர் பலர் இத்துறையில் உழைத்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. இடையில் விடுபட்டவற்றையும் பிழைபட்டவற்றையும் நார்மன் லெபோவிட்ஸ் என்னும் இளைய அறிஞருடன் சேர்ந்து சந்திரசேகர் செம்மை செய்தார். இத்துறை பற்றிய அவர் நூல் 1969இல் வெளிவந்தது. சுழலும் திரவக் கோளம் ஈர்ப்பு அலைகளை வெளியிடுமானால் அதன் நிலை குலையக்கூடும் என்று மறு ஆண்டில் காட்டினார். விரைந்து சுழலும் நியூட்ரான் விண்மீன்களை ஆராய்வோர்க்கு அம்முடிவு இன்றும் பயன்படுகிறது.

உலகம் அளித்த சிறப்பு

காலம் தன் தீர்ப்பை மெல்லக் கூறியது. எல்லையை மீறிய விண்மீன்கள் நியூட்ரான் விண்மீன்களாகவும் கருந்துளைகளாகவும் முடியும் என்பதை அறிஞர் உலகம் ஏற்றது. 1968இல் இந்திய அரசு பத்மவிபூஷண் விருது வழங்கியது. 1983ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசு சந்திரசேகருக்கும் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஃபௌலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இலண்டன் அவையில் நகைப்பொலி எழுந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதற்கு முந்திய ஆண்டில் எடிங்டனின் நூற்றாண்டு விழா கேம்பிரிட்ஜில் நடைபெற்றது. நினைவுச் சொற்பொழிவு ஆற்ற அழைக்கப்பெற்றவர் சந்திரசேகர். தம் காலத்து விண்மீன் ஆராய்ச்சியாளருள் தலைசிறந்தவர் எடிங்டனே என்று அவர் அங்கு எடுத்துரைத்தார். அவர் தவறிய இடத்தை மறைக்கவும் இல்லை. அத்தவறு காரணமாக அவர் பெருமையைக் குறைக்கவும் இல்லை.

பரிசு பெற்றபின்னும் அவர் ஓய்ந்திலர். நியூட்டனின் பெருநூலைப் பொதுவாசகர்க்கு விளக்கி ஒரு நூல் எழுதினார். அது 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் அவர் மறைந்தார். 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயர் சூட்டப்பட்டது.

காஞ்சியின் தெருவில் குடமேந்தி வருவோரை மீண்டும் நினைப்போம். குறைகுடத்து நீர் சிறு அசைவிற்கும் மோதி அலைந்து சிந்துகிறது. நிறைகுடமோ அதே வழியில், அதே அசைவிற்கிடையே, அமைதியாக வீடு சேர்கிறது. சந்திரசேகர் நடந்த வழி மேடு பள்ளம் நிறைந்தது. ஆயினும் அவர் பெற்ற அறிவு சிறிதும் சிந்தாமல் உலகிற்கு வந்து சேர்ந்தது. அறிவை நிரப்பிக்கொள்வதும், நிரம்பிய பின் தளும்பாதிருப்பதும் அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் ஆகும்.